தலைமாடு

அறையைக் காலி செய்து கொடுக்கச் சொல்லி, முதியோர் இல்லத்தை நடத்தும் பாண்டுரங்கன் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது முறை அழைப்பதற்குள் போய்விடலாம் என்று, காலை ஷிப்ட் முடிந்த கையோடு ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வந்து உத்திரமேரூர் பஸ் ஏறினேன். இல்லத்தில் நைனாவின் அறை அப்படியே இருந்தது. ஆறு வேட்டி, நாலு சட்டை, தைலப் புட்டி, அவர் மாட்டிக்கொள்ளவே மாட்டேன் என்ற புதுக் கண்ணாடி. நைனா செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்தக் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அன்றோடு ஒன்பது நாள்.

வேட்டிகளை மடிக்கக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். வெளிர்நீலச் சுவரில், மெத்தை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, மெல்லிய கீறல்கள். ஒன்றிரண்டல்ல. நகத்தால் பிறாண்டியவை. எல்லாம் ஒரே திசையில், கட்டிலின் கால்மாட்டை நோக்கிப் போயிருந்தன. அங்கே ஆளைக் கூப்பிடும் பெல்லின் வெள்ளை ஸ்விட்ச் இருந்தது. கீறல்கள் அதற்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தன.

கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு பீஸைக் கையில் எடுத்தால் எங்கே குறை இருக்கும் என்று விரலே சொல்லிவிடும் என்று ஒரு கர்வம் எனக்கு உண்டு. நைனாவுக்கு இடது கையும் காலும் விழுந்து, தம்பி கலைச்செல்வன் பெங்களூரிலிருந்து, "நீ பார்த்து எது சொல்றியோ அதாங்க்கா" என்று பொறுப்பை என்னிடம் விட்டபோது, கம்பெனி படிவத்தைப் போலவே இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயார் செய்தேன். ராஜகுளத்துப் பக்கம் ஒரு இல்லம் பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது, ஆனால் அங்கிருந்தவர்களின் கால் நகம் வளர்ந்து வளைந்திருந்தது. நகம் வெட்டிவிட ஆளில்லாத இடத்தில் வேறு எதைச் செய்வார்கள்? வாலாஜாபாத்தில் ஒன்று. கக்கூஸுக்கு இரண்டு படி ஏற வேண்டும். மூன்றாவது இது.

இங்கே தலையணையை மோந்து பார்த்தேன். குளியலறைத் தரையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிப் பாதத்தால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. மதியச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாத்திரைப் பெட்டிகளில் பெயரும் வேளையும் சரியாக எழுதியிருந்தார்கள். பாண்டுரங்கன் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து, ஒரு பெரியவரிடம் குனிந்து, "அடிப்பாங்களா தாத்தா?" என்று கேட்டேன். "யாரு, ஜெயம்மாவா? பல்லு வெளக்கலன்னா திட்டுவா, அவ்ளோதான்" என்று சிரித்தார். கடைசியாக இந்த அறைக்கு வந்து பெல்லை அழுத்திவிட்டு வாட்சைப் பார்த்தேன். நாற்பது நொடியில், அங்கே ஆயா வேலை பார்க்கும் ஜெயம்மாள் ஈரக் கையோடு வந்து நின்றாள். தாளில் எழுதிக்கொண்டேன்: பெல், நாற்பது நொடி, ஓகே.

இருபத்திரண்டும் ஓகே. பாண்டுரங்கன்கூட, "கவர்மெண்ட்டுல வர்றவங்களே இவ்ளோ பார்க்க மாட்டாங்க மேடம்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

நைனாவைச் சேர்த்த அன்று ஒரே ஒரு குறையைத்தான் சொன்னேன். கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்தது. சுவர் அவருடைய வலது கைப் பக்கம், பெல் தோளுக்கு நேராக. வடக்கே தலை வைத்து எங்கள் வீட்டில் குழந்தையைக்கூடக் கிடத்த மாட்டார்கள். அம்மா, பவளம் என்று பெயர், கடைசியாகப் படுத்திருந்தபோது புழுக்கம் தாங்காமல் ஜன்னல் காற்றுக்காகத் தலை வடக்கே வரும்படி கட்டிலை மாற்றிப் போட்டோம். நாலாம் நாள் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மாற்றிப் போட்டது நான்.

"கட்டிலத் திருப்பிப் போடணும் ஜெயம்மா. ஒரு கை புடி."

அவள் உடனே வரவில்லை. "இப்புடியே இருக்கட்டும் கீதாம்மா. இந்தாண்ட இருந்தாத்தான் அவருக்கு..."

"வடக்க தல வச்சி மனுஷன படுக்க வப்பாங்களா? உங்க சாமிக்கு அதெல்லாம் கெடையாது. எங்களுக்குக் கீது."

ஜெயம்மாளின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை உண்டு. எங்கள் ஊர் காலனியில் பிறந்தவள். சிறு வயதில் எங்கள் நிலத்தில் நடவுக்கு அவள் அம்மாவோடு வந்திருக்கிறாள். என்னைவிட ஆறு வயதாவது பெரியவள். அவளை நான் நீ என்றுதான் சொல்வேன். அது எப்போதுமே எனக்கு உறுத்தியதில்லை. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரிம்மா" என்று கால்மாட்டைப் பிடித்தாள், நான் தலைமாட்டைப் பிடித்தேன். கட்டில் கனமாகவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நிமிஷத்தில் திருப்பிவிட்டோம்.

கம்பெனியில் மெஷினில் ஒரு ஸ்குரூவை மாற்றினாலும் அடுத்து வருகிற முதல் பீஸை மறுபடி அளக்க வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பவளே நான்தான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நைனா போனில் பேசினார். வாய் கோணியிருந்ததால் பாதிதான் புரியும். "பெல்லு... எட்டல" என்றார். அது நன்றாகவே புரிந்தது. "பெல்லு நல்லா வேலை செய்யுது நைனா, நானே அடிச்சிப் பார்த்தேன். உன் சோம்பேறித்தனம்தான் பேஜாரு" என்று சொல்லிச் சிரித்தேன். பிறகு அவர் பெல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் விழுந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நிற்க, கலைச்செல்வன் பெங்களூரிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தான். "யாராவது பதில் சொல்லணும்க்கா. விடக் கூடாது." பாண்டுரங்கன் ஒரு தாளோடு வந்திருந்தார். பெல் அடித்தும் ஊழியர் போகவில்லை, கவனக்குறைவு என்று என் பெயரில் புகார்க் கடிதமாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஜெயம்மாளை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது, மடித்த வேட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, நைனாவின் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். இடது கையையும் இடது காலையும் உயிரில்லாதவைபோல விட்டேன். சுவர் இடது பக்கம் இருந்தது. வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சுவரைத் தொட்டேன். ஸ்விட்ச் என் முழங்காலுக்கும் கீழே இருந்தது. எழுந்து உட்காராமல் தொட முடியாது. ஒரு பக்கம் விழுந்த உடம்பால் எழுந்து உட்கார முடியாது. விரல் எங்கே நின்றது என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். கீறல்களின்மேல் இருந்தது. பதினோரு நாளும் அவர் இதுவரைக்கும் வந்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் இதற்குமேல் வரப் பார்த்திருக்கிறார்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பாண்டுரங்கனிடம் போய், அந்தக் கடிதத்தைத் திரும்பத் தரச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "முடிஞ்சத எதுக்கு மேடம் கிளறிக்கினு? கட்டில யாரு திருப்பினாங்கன்னு பேச்சு வந்தா உங்க தம்பி உங்களத்தான் கேப்பாரு" என்று சொல்லிவிட்டு, துணி எடுத்துக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கும் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

ஜெயம்மாள் வீட்டு வாசலில் சாக்கை விரித்து விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு உடைப்பது. என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நைனா எப்புடி கீறாரு?"

"ஆபரேஷன் ஆயிடுச்சி. இனிமே நடக்க மாட்டாருன்றாங்க."

"நான் பார்த்துக்கினு இருந்தப்பவே காலு ஊன ஆரம்பிச்சிட்டாரும்மா. புதங்கெழம ஜன்னல் வரிக்கும் இட்டுக்கினு போனேன். ஏரி தெரியுதான்னு கேட்டாரு. தெரியலியேன்னேன். கண்ணாடி போட்டுக்கினு பாருன்னு என்னத் திட்டறாரு." சிரிக்கப் பார்த்தாள். எனக்கு இது எதுவும் தெரியாது.

"கட்டிலத் திருப்பச் சொன்னது நான்தான்னு ஏன் நீ சொல்லல?" அப்போதும் நீ என்றுதான் வாயில் வந்தது.

அவள் உட்கார்ந்து ஒரு கடலையை உடைத்தாள். "உங்க கையெயுத்தக் காட்டி இனிமே வராதன்னாரு. அதுக்கு மேல யார் கிட்ட சொல்றது? செய்யறத செஞ்சிட்டு பயிய அந்தம்மா மேல போடறான்னுவாங்க." இன்னொரு கடலை. "பெல்ல மாத்தச் சொல்லி சார் கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். கரெண்டுக்காரன் வருவான்னாரு. அதான் அரை மணிக்கு ஒருக்கா நானே எட்டிப் பார்த்துக்கினு இருந்தேன். அன்னிக்கின்னு பார்த்து ஆறாம் நம்பரு சடையப்பன் வாந்தி எடுத்துட்டாரு. அவரக் கயுவி, துணி மாத்தி..." நிறுத்தினாள். "உங்க கிட்ட அன்னிக்கே இன்னொரு வாட்டி சொல்லியிருக்கணும். சாமி பேச்சு வந்துச்சா, வாய மூடிக்கினேன்."

வேறு எங்காவது வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இரண்டு இடத்தில் கேட்டாளாம். விழுந்த பெரியவர் விஷயம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

"நான் வேற லெட்டர் எழுதித் தரேன். நடந்தத நடந்தபடி."

"எழுதுங்க." அவள் குரலில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. "அது ஆவறப்ப ஆவட்டும். அந்த ரூமுக்கு நாளைக்கே யாருனா வந்துடுவாங்க. மொதல்ல பெல்ல மாத்தச் சொல்லுங்க."

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து கேட்டாள். "ஆஸ்பத்திரில எந்தப் பக்கம் தல வச்சி படுக்க வச்சிக்கீறாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்துக்காக, அக்கறையாகத்தான் கேட்டாள். ஒன்பது நாள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டு போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நைனா கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெளிச்சம் அவருடைய வலது கைமேல் விழுந்திருந்தது. வலது கைப் பக்கம் மேற்கு. அப்படியானால் தலை வடக்கே.

ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தேன். கட்டிலைத் திருப்பச் சொன்னது நான் என்ற ஒரு வரி வந்தது. அடுத்த வரியில் ஜெயம்மாள் சொல்ல வந்ததை எழுத வேண்டும். அவளை நான் முடிக்க விடாத இடத்திலேயே பேனாவும் நின்றது.

கட்டிலுக்குப் பின்னால் கம்பியில் ஒயரோடு பெல் தொங்கிக்கொண்டிருந்தது. தாளை வைத்துவிட்டு எழுந்து அதை எடுத்து நைனாவின் வலது உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மெதுவாக மூடிக்கொண்டன. வெளியே மணி அடித்தது. நர்ஸ் பெண் வேகமாக வந்து, "இன்னா வேணும் தாத்தா?" என்றாள். ஒன்றுமில்லை என்று நான் தலையசைத்தேன். அவள் கதவு வரை போயிருப்பாள், மணி மறுபடி அடித்தது. நைனா என்னைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. கட்டை விரல் இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.