இத்ரிஸ் பாடிய நாட்டுப் பண்

"எங்க வெல்ஷ் பாஷை வாயில நுழையணும்னா இந்த மண்ணுலயே பொறந்திருக்கணும்!" என்று வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கிளப்பில் மேசையைத் தட்டினார் இத்ரிஸ்.

"போங்கண்ணே! எங்க கோசா பாஷையில நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசுவோம். எங்க, ஒரே ஒரு சொடுக்கு போடுங்க பாப்போம்!" என்றாள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த அடுத்த வீட்டு நர்ஸ் நோசிஃபோ.

தொலைக்காட்சியில் வேல்ஸும் தென்னாப்பிரிக்காவும் ரக்பி ஆட இறங்கின. அவள் தன் நாட்டுப் பண்ணைப் பாடி, கோசா வரிகளுக்கு அர்த்தமும் சொன்னாள். அடுத்து வேல்ஸின் பண். இத்ரிஸ் நெஞ்சில் கை வைத்து, கண் கலங்கப் பாடினார்.

"அழுதுட்டீங்களே! அப்படி என்னண்ணே அர்த்தம்?"

பள்ளியில் மனப்பாடம் செய்த வெறும் ஓசை அது. வெல்ஷில் ஒரு புட்டி பால் கேட்கக்கூட அவருக்கு வராது. "அது… நாட்டைப் பத்தி," என்றார். கிளப்பே சிரித்தது. சிரித்தவர்களும் அர்த்தம் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். காது சிவந்த இத்ரிஸ் ஆட்டம் முடியும்வரை பியர் கோப்பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பண் தொடங்கினாலே கழிப்பறைக்குப் போய்விடுகிறார்.

மறு வருடம் அவர் மகள் ரியான்வென் நோசிஃபோவின் தம்பியைக் கட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்துக்குக் குடிபோனாள். சந்தையில் கோசாவிலேயே பேரம் பேசுகிறாளாம்.