வர்ணனையாளரின் பவுத்திரம்

கால்பந்து மைதானத்தில் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். ஆட்டம் முழுக்க நின்றபடியே வர்ணிப்பார். உற்சாகத்தில் நிற்கிறார் என்று கூட்டம் நினைத்தது. உட்கார முடியாமல் நிற்கிறார் என்பது அவர் மனைவிக்கு மட்டுந்தான் தெரியும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் பவுத்திரம். வருஷக்கணக்காகச் சீழ் வடிவதும் காய்வதுமாக இருந்தது. இரண்டு முறை அறுத்தும் போகவில்லை.

திடீரென்று சீழ் மாறியது. கோந்து போல வழவழவென்று வந்தது. பக்கத்தில் ஒரு கட்டியும் தட்டுப்பட்டது.

“எப்பவும் வர்றதுதானே, விடு,” என்றார் மைக்.

“இது எப்பவும் வர்றது மாதிரி இல்லைங்க. வெட்கத்தை வீட்லயே விட்டுட்டுக் கிளம்புங்க.”

அறுவை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, மயக்கம் கொடுத்துச் சதைத்துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது.

“நாள்பட்ட பவுத்திரத்துல அபூர்வமா இப்படி ஆகும். இன்னும் எங்கயும் பரவல. சிகிச்சையில இறங்கிடலாமா?” என்றார் மருத்துவர்.

“இறங்கிடலாம் டாக்டர்,” என்றாள் மனைவி, கணவர் வாயைத் திறப்பதற்குள்.

கதிர்வீச்சு, மருந்து, பிறகு பெரிய அறுவை. மலக்குடலை எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டினார்கள். முதல் தடவை இருவருமாக மாற்றியபோது பை ஒட்டாமல் நழுவியது. மூன்றாம் தடவை சரியாக ஒட்டியதும் இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

எடுத்த சதையின் சோதனை முடிவு வரும் நாளில், பேருந்து ஓட்டும் மைத்துனனும் கூட வந்தான்.

“எடுத்ததோட ஓரமெல்லாம் சுத்தம், புற்று மிச்சமில்ல. நெறிக்கட்டிகள்லயும் ஒண்ணுமில்ல,” என்றார் மருத்துவர்.

“இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்,” என்றார் மைக். மருத்துவர் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மைக்கோ வராந்தாவுக்கு வந்து, எதிரே வந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், “எனக்கு ஒண்ணுமில்லையாம்,” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

மைத்துனன் மட்டும் பின்தங்கி நின்றான்.

“என்ன மாப்ளே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“எனக்கும் அதே இடத்துல ரெண்டு வருஷமா வடியுது மாமா. அக்காகிட்ட சொல்லாதீங்க.”

மைக் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்க, வந்த வழியே இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார். மருத்துவர் கைகழுவிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், இன்னொரு ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“எல்லாரும் பாக்கறாங்க மாமா, மெதுவா.”

“பாக்கட்டும். மறைச்சு வச்சு நான் பட்டது போதும்.”

அவனுடையது வெறும் பவுத்திரந்தான் என்று சோதனையில் தெரிந்தது. அடுத்த வாரமே அறுவை செய்தார்கள். வார்டில் குப்புறப் படுத்திருந்த அவனை அவன் அக்கா ஒரு மணி நேரம் விடாமல் திட்டினாள்.