கேட்டால் கிடைக்கும் சாவி

என் வீட்டுக்காரர் சுடலைராஜ் தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்த மொபைல் விளையாட்டின் பெயர் 'மாயச்சாரல்'. நான் காளீஸ்வரி, யூடியூப்பில் இப்படிப்பட்ட விளையாட்டுகளைப் பிரித்து மேய்கிறவள். முதலில் பலம், பிறகு பலவீனம் என்பது என் சேனலின் சட்டம். ஊரார் வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டிக்கொண்ட நான், சொந்த வீட்டுச் சரக்கைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

விளையாட்டு வெளிவந்து ஒரு மாதம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மஸ்கட்டில் இருக்கும் அவருடைய மாமா விசாவோடு காத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, உன் சேனல்ல நல்லதா நாலு வார்த்தை சொல்லேன்" என்றார் சனிக்கிழமை காலையில்.

"பலவீனம் இருந்தா அதையுஞ் சொல்லுவேன். புருஷன்னு பாக்க மாட்டேன்."

"நீ என்னைக்குப் பாத்த?"

அவரை எதிரே உட்காரவைத்து, கேமராவை ஓடவிட்டு விளையாடினேன். கதை இதுதான்: ஒரு மந்திரவாதி குற்றாலத்துச் சாரலைப் பூட்டிவிட்டான். இளவரசன் சாவியைத் தேடி மீட்க வேண்டும். பலம் இருக்கத்தான் செய்தது. குரங்குகள் இளவரசனின் வாளைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறின, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தந்தன. பூதம் துரத்தினால் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலுக்குள் ஒளிந்துகொள்ளலாம். நெட் இல்லாமலும் ஓடியது. பலவீனம், எழுத்து எறும்பு அளவில் இருந்தது. அரை மணி நேரத்தில் போன் தோசைக்கல்லாகக் காய்ந்தது.

ஏழாவது கட்டத்தில் மெயின் அருவி வந்தது. தண்ணீரோடு சாவியும் விழுந்தது, பெண்கள் குளிக்கும் பக்கத்தில். இளவரசன் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் நடுக்கம்பி வரை போனான், நின்றான், திரும்பிவிட்டான். தாண்டவைக்கப் பார்த்தேன், தாண்டவில்லை. அங்கே ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள். வாளை வீசினேன். எங்கிருந்தோ ஒரு பூதப்போலீஸ் விசில் அடித்து என்னை முதல் கட்டத்துக்கே விரட்டிவிட்டது.

இரண்டு நட்சத்திரத்தின் மர்மம் விளங்கியது. விளையாட்டின் பதிவிறக்கப் பக்கத்துக் கருத்துகளில் சேலத்துக்காரர் ஒருவர், 'உங்க இளவரசனுக்குக் கால்ல வாதமா?' என்று கேட்டிருந்தார். நானூறு பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள்.

"ஏன் தாண்ட மாட்டேங்கான்?" என்றேன்.

"பொம்பளையாள் பக்கம் ஆம்பளை எப்படிப் போவான்?" ரொம்ப நியாயமாகக் கேட்டார்.

"அப்பம் சாவிய எப்படி எடுக்க?"

"நம்ம சோப்பு அந்தப் பக்கம் விழுந்தா என்ன செய்வோம்? 'எக்கா, அத எடுத்துத் தாங்க'ன்னு கேப்போம்லா? வாள உறையில போட்டுட்டு அந்தப் பொம்பளைய ஒரு தட்டு தட்டு."

வாளை உறையில் போட்டுத் தட்டினேன். அந்தப் பெண் தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பினாள். என் முகம். மூக்குத்தி உட்பட என் முகம். சாவியை எடுத்து நீட்டினாள். வானம் திறந்து சாரல் கொட்டியது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டினால் நான் காளீஸ்வரியா?

"இத விளையாட்டுல எங்கயாது சொல்லிருக்கீங்களா?"

"இதப் போய்ச் சொல்லணுமாக்கும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

"குத்தாலத்துல பொறந்த எனக்கே தெரியல. சேலத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்றுவிட்டு கேமராவைப் பார்த்துத் திரும்பினேன். "பெரிய பலம், இந்த விளையாட்டுல கேட்டாக் கிடைக்கும். பெரிய பலவீனம், இதச் செஞ்ச மனுஷன். ஊருக்கெல்லாம் கேக்கச் சொல்லிக் குடுத்துட்டு, வீட்ல இருக்கவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"என்னத்தக் கேக்கல?"

நான் பெட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"காளி" என்றார். "நான் மஸ்கட்டுக்குப் போவட்டா?"

"போவாண்டாம்."

"இத நீயே முன்னால சொல்லிருக்கலாம்லா?"

"நானும் ஒரு மாசமா கேக்காம வாளத்தான வீசிட்டுக் கெடந்தேன்" என்றேன்.

நட்சத்திரம் ஏறுமோ ஏறாதோ, வீடியோவில் ஒரு இடத்தையும் வெட்டவில்லை. அவர் மஸ்கட் மாமாவிடம் போனில் பேச மாடிக்குப் போனார். நான் நாற்காலி போட்டு ஏறி, பெட்டியைத் திரும்பப் பரணில் தள்ளினேன்.