அரக்கு வைத்த வாசல்

வெறும் பாடையே பின்சந்தில் திரும்பவில்லை. ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், மறுபக்கம் கக்கூஸ். தூக்கிப் பார்த்துவிட்டு வந்த இசக்கிராஜா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அப்பாவ நிமித்தி வச்சுத்தான் கொண்டு போவணும்மா. நல்லா கட்டிருவோம்."

மாயம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளறையில் அவள் புருஷன் சுப்புராஜ் கிடந்தார். கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவின் காலைத் தோசை முக்கால்வாசி அவர் அரைத்த மாவுதான். முன்னறையில் கிரைண்டர், அதன் ஷட்டர்தான் வீட்டுக்கும் முன்வாசல். மழைக்காலத்துக்கு முன்னால் கார்ப்பரேஷன் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். குடியிருக்கும் வீட்டில் மாவு அரைத்து விற்கக் கூடாதாம், சுத்தம் போதாதாம். வாங்கித் தின்ற ஒருவரும் புகார் சொன்னதில்லை. அவர்களை யார் கேட்டார்கள்? ஷட்டரிலும் உள்கதவிலும் கயிறு கட்டி அரக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே அன்று அரைத்த மாவு ஒரு டிரம் நிறைய இருந்தது. சுத்தத்துக்காக அடைத்த அறையில் அது பொங்கி வழிந்து, அழுகி, வீடே நாறியது.

"சீலத் தொட்டுராத. லைசன்ஸ் கெடைக்காமப் போயிரும்" என்பார் சுப்புராஜ். லைசன்சுக்கு நடையாய் நடந்தார். இன்று காலை வார்டு கவுன்சிலர் வீட்டுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டு மலையாளத்துச் சரோஜம்மா போனோடு வந்தாள். "கவுன்சிலர விளிச்சு கேட்டேன் மாயம்மா. இன்னைக்கு ஞாயிறாச்சயல்லே. நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா ஆள் வந்து தொறந்து தருமாம்."

"நாளை வரைக்கும் இவர எங்க வைக்க?"

தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளை மாயம்மாள் எடுத்தாள்.

"எம்மா, வேண்டாம். கேஸாயிரும். பெறவு நமக்கு இந்தக் கடை இல்ல."

அவன் சொன்னது நியாயம்தான். இருவருக்கும் சோறு அந்தக் கடைதான். அவள் அரிவாளோடு உள்கதவுக்குப் போனாள்.

"உசுரோட இருக்கையில கள்ளன் மாதிரி பின்வாசல்ல போனாரு. போதும்ல."

உள்கதவின் கயிறு அறுந்தது. நாற்றம் குப்பென்று வர, தூக்க வந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். ஷட்டர் கயிற்றையும் அறுத்தாள். துருப்பிடித்த ஷட்டர் அவளுக்கு அசையவில்லை. இசக்கிராஜா வந்து குனிந்து தூக்கினான். கிரைண்டரின் மேல் வெயில் விழுந்தது.

சுப்புராஜ் கால் முன்னாகத் தன் கடை வழியே தெருவில் இறங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் மாயம்மாள் வாய்விட்டு அழுதாள்.

ஆண்கள் போனதும் பெண்கள் வீடு கழுவினார்கள். மாயம்மாள் கடைத் தரையில் குந்தி, உடைந்த அரக்குத் துண்டுகளைத் துணுக்கு விடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள்.

"இது எந்தினு மாயம்மா?" என்றாள் சரோஜம்மா.

"ஆபீஸ்காரங்க கேட்டு வந்தா குடுக்கணும்ல."

முடிச்சை இறுக்கிவிட்டு, அடுத்த வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.