டின்னம்மாவுக்கு எந்த ஊரு

வேட்டி சட்டைக்குக் கீழே போலீஸ் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒருவன் சைக்கிளில் காவாந்தண்டலத்துக்குள் வந்தால், அவன் நல்லதுக்கு வரவில்லை என்பது கோவிந்தம்மாளின் கணக்கு.

"இங்க பர்மாக்காரம்மா ஒண்ணு கீதாமே?" என்றான், வேலிக்கு வெளியே நின்றபடி.

"பர்மாவாவது. நீ யாரு நைனா?"

"சும்மா, தெரிஞ்சிக்கலாம்னு."

சும்மா கேட்கிறவனுக்குச் சட்டைப்பையில் ரெண்டு பேனா எதற்கு? பக்கத்து வீட்டு டின்னம்மாவைப் பிடித்து நாடு கடத்தத்தான் வந்திருக்கிறான். ரங்கூனில் கடை வைத்திருந்த முனிரத்தினம் அங்கேயே கட்டிக் கூட்டிவந்தவள் அவள். மா டின் என்ற பேரை ஊர் டின்னம்மா ஆக்கிக்கொண்டது. புருஷன் செத்த பிறகும் இங்கேயே களை எடுத்துப் பிழைக்கிறாள்.

"அவ இங்க பக்கத்துல தென்னேரிக்காரி. எங்க மாமன் பொண்ணு."

"கண்ணு இடுக்கிக்கினு கீதுன்னாங்க?"

"எங்க மாமனுக்கும் அப்படித்தான்."

அவன் கோவிந்தம்மாளை ஏற இறங்கப் பார்த்தான். எழுதிக்கொண்டான். சைக்கிளை டீக்கடைப் பக்கம் திருப்பினான். போலீஸ் யாரைக் கேட்டு வந்தாலும் 'எங்காளு' என்று சொல்லிவிடுவது அந்தத் தெருவின் வழக்கம்.

கழனியிலிருந்து வந்த டின்னம்மாவிடம் கோவிந்தம்மாள் இதைப் பெருமையாகச் சொன்னாள். டின்னம்மா களைக்கொட்டைக் கீழே போட்டாள்.

"கெடுத்தியே அக்கா. பினாங்குல கட்டிக்குடுத்த எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவம். நான் போவணும்னு எழுதிப் போட்டதுக்கு விசாரிக்க வந்தவரு அவரு."

"பாஸ்போர்ட்டு வாங்கிக்கினு போயேன்."

"யாரு குடுப்பா? நான் இந்தியாக்காரி இல்ல. வுட்டுப் போனவளுக்குக் கெடையாதுன்ட்டான் பர்மாக்காரன். எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லாம இங்க கீற வெளிநாட்டு ஆளுக்குன்னு சர்க்காரே ஒரு பயணக் காயிதம் குடுக்குது. நான் வெளி ஆளுன்னு எழுதினாத்தான் அது. இப்ப நான் பொய் சொன்னவளாப் பூட்டேன்."

கோவிந்தம்மாள் டீக்கடைக்கு ஓடினாள்.

"சார், அவ பர்மாதான்."

"அப்ப மாமன் பொண்ணு?" அவன் டீயைக் கீழே வைத்தான். "மாத்திச் சொல்றதுக்கு அவ உனுக்கு இன்னா குடுத்தா?"

"ஒண்ணும் குடுக்கல. நீயே வந்து மோந்து பாரு."

கூட்டிவந்து டின்னம்மா வீட்டு ஜாடியைத் திறந்து நீட்டினாள். கூனி இறாலை உப்புப் போட்டு இடித்து ஊறவைத்த நாப்பி.

"இந்த நாத்தத்துக்காவ நான் போடாத சண்டை இல்ல. தென்னேரிக்காரி எவளாவது இத்த துன்னுவாளா?"

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, எழுதியதை அடித்தான். பிறகு நிமிர்ந்தான்.

"போனா திரும்பி வருவாங்களா? நீ சொல்றதத்தான் எழுதப் போறேன்."

இதைக் கோவிந்தம்மாள் யோசித்ததே இல்லை. அங்கே மகள், பேரப்பிள்ளை. இங்கே களைக்கொட்டு. டின்னம்மாவைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"வருவா," என்றாள் கோவிந்தம்மாள்.

காயிதம் வந்தது. கிளம்புகிற அன்று டின்னம்மா அந்த ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் தொறக்காம வெச்சிரு அக்கா."

பஸ் கண்ணுக்கு மறைந்ததும் கோவிந்தம்மாள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். கழுத்து வரைக்கும் இருந்தது; வந்து தின்னத்தான் வைத்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.