இறக்கத்தில் பிடிக்கும் கை

"அப்பா, இறக்கத்துல வண்டியை யாரு பிடிச்சுக்கிறா?"

தெய்வா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. குன்னூரில் லிங்கசாமியின் ஸ்கூட்டர் பட்டறை வாசலில் உட்கார்ந்து, மேலேயிருந்து முனகிக்கொண்டே இறங்கி வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எதைக் கேட்டாலும் தெரிந்த வரைக்கும் சரியாகச் சொல்லிவிடுவார் செல்லையா.

"எஞ்சின்தான் பிடிச்சுக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும், போதும் மெதுவாப் போன்னு சக்கரத்தைப் பின்னால இழுக்கும்."

"எஞ்சினுக்குக் கை இருக்கா?"

பிரித்துப் போட்டிருந்த கியர் இல்லாத ஸ்கூட்டரிலிருந்து கறுத்த ரப்பர் பெல்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இந்த வண்டிக்கு இதுதான் கை."

தெய்வா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

செல்லையா இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலை ஃபாக்டரி வேலை பார்த்தவர். எஸ்டேட் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி அவர் பெயரும் பட்டியலில் வந்தது. கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். தருவதாகச் சொன்ன வேலையும் இல்லை, வீடும் இல்லை. லிங்கசாமிதான் பட்டறையில் வேலையும், பின்னால் தகரம் போட்ட ஓர் அறையும் கொடுத்தார். அந்த அறையில், வந்த வருஷத்து ஆடி மழையில், மனைவி வீரம்மாவுக்கு வலி கண்டது. மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. கிராமத்து நர்ஸ் தபித்தாள் சேற்றில் நடந்தே வந்தார். பிறந்த குழந்தையைத் தன் கம்பளிச் சட்டையில் சுற்றித் தாயின் மார்பில் வைத்தார். போகும்போது அந்தச் சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் குழந்தைதான் தெய்வா.

தெய்வா அந்தக் கேள்வி கேட்டதற்கு அடுத்த வருஷம் மண்டிக்காரர் மகன் வேலுமணி புது ஸ்கூட்டரோடு பட்டறைக்கு வந்தான்.

"ஏனுங்ணா, மேட்டுப்பாளையம் ரோட்டுல என்னை ஒருத்தனும் முந்தப்படாது. என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது."

என்ன பண்ணலாம் என்பது செல்லையாவுக்குத் தெரியும். வண்டி வேகம் எடுக்க எடுக்க, பெல்ட் சுற்றி ஓடும் முன் புல்லிக்குள் இருக்கும் சின்ன ரோலர்கள் பெல்ட்டை விளிம்பை நோக்கித் தள்ளும். அளவுக்கு மேல் போகாமல் ஒரு மெல்லிய வாஷர் தடுத்து நிறுத்தும். அந்த வாஷரை எடுத்துவிட்டு, கனமான ரோலர்களைப் போட்டால் வண்டி பறக்கும். ஆனால் விளிம்புக்கு ஏறிய பெல்ட் லேசில் இறங்காது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சினின் பிடி தளர்ந்துவிடும்.

"மொதலாளி, சமவெளின்னா சரி. இது மலை. இறக்கத்துல பிடிக்காதுங்க."

லிங்கசாமி சிரித்தார். "அவன் கேக்கறது ஓட்டம். நீ எதுக்குப் பிடிக்கறதைப் பத்திப் பேசற? கல்யாண ஊட்டுல உக்காந்துட்டு எழவு பேசற ஆளப்பா நீ."

செல்லையா செய்து கொடுத்தார். கழற்றிய வாஷரையும் பழைய ரோலர்களையும் ஒரு பால்மாவு டின்னில் போட்டு வைத்தார். வேலுமணியின் வண்டியைப் பார்த்து இன்னும் சில பையன்கள் வந்தார்கள். பட்டறைக்குப் பேர் வந்தது. மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் லிங்கசாமியை நிறுத்திப் பேசினார்கள். செல்லையா மட்டும், ஒவ்வொரு பையனும் கிளம்பிப் போகும்போது, அந்தச் சத்தம் வளைவுக்கு அப்பால் ஒழுங்காகக் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஒரு பனி நாளில் வேலுமணி வளைவுச் சுவரில் உரசிக்கொண்டு முழங்கால் தோலை இழந்தான். பயந்துபோன அவன் அப்பா, வண்டியை விற்றுத் தரும்படி பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுத் திரும்பிய செல்லையா, வண்டி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"நம்ம நர்ஸம்மா வாங்கிட்டாங்க. கியர் இல்லாத வண்டி, பொம்பளைங்களுக்குத் தோது" என்றார் லிங்கசாமி.

"மொதலாளி, அந்த வாஷரை இன்னும் போடலீங்களே."

"அத எதுக்கு இப்பக் கிளப்பற? சொன்னா, தெரிஞ்சே ஏன் வித்தீங்கன்னு கேப்பாங்க. ஊரே பேசும். நானு பட்டறையை மூடோணும், நீயி மூட்டை கட்டோணும். சம்மதமா? நர்ஸம்மா என்ன பந்தயமா உடப் போறாங்க?"

செல்லையா வேலைக்குத் திரும்பினார். வீட்டில் வீரம்மாவிடம், ஒரு வண்டி விஷயமாக முதலாளியோடு மனஸ்தாபம் வரும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். யாருடைய வண்டி என்று சொல்லவில்லை.

வீரம்மா அரிசி களைவதை நிறுத்தினாள். "என்ன வேணும்னாலும் பண்ணுங்க. இன்னொரு தடவை பெட்டி கட்ட மட்டும் என்னால ஏலாது."

பத்து நாள் போயிருக்கும். தபித்தாளே பட்டறைக்கு வந்தார்.

"இறக்கத்துல இது என்னைத் தள்ளிட்டே போகுதுங்க அண்ணே. எனக்குத்தான் ஓட்ட வரலையோ என்னமோ."

செல்லையா ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். லிங்கசாமி கண்ணாலேயே தடுத்தார். மூடியைத் திறந்தால் கேள்வி வரும்.

"புது வண்டி பழகறவரைக்கும் அப்படித்தானுங்க இருக்கும்" என்றார் லிங்கசாமி. "ரொம்பப் பயமா இருந்தா மேட்டுலயே எஞ்சினை ஆஃப் பண்ணிப் போட்டு உருட்டிட்டுப் போங்க. எஞ்சின் ஓடுனாத்தானே தள்ளும்? பெட்ரோலும் மிச்சம்."

மலையில் பாதிப் பேர் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அப்படித்தான் இறங்குவார்கள். தபித்தாள் நம்பித் தலையாட்டினார். எஞ்சினை அணைத்து உருட்டினால், தளர்ந்துபோய் மிச்சமிருக்கும் பிடியும் அற்றுவிடும் என்பது அங்கே ஒருவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் ஸ்பேனரைப் பிடித்தபடியே நின்றார். தபித்தாள் அவரைப் பார்த்து, "தெய்வா நல்லா இருக்காளா அண்ணே?" என்று கேட்டார். "இருக்காம்மா" என்றார்.

அதே வாரத்தில் செய்தி வந்தது. தேயிலை எஸ்டேட்டின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷனில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்க, மேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறார் தபித்தாள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போக, வண்டி வளைவில் திரும்பாமல் நேரே தேயிலைக்குள் பாய்ந்திருக்கிறது. செடிகள் அடர்த்தியாக இருந்ததால் உயிர் தப்பியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் தூக்கிவிட்டார்கள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மருந்துப் பெட்டி உடைந்து சிதறிவிட்டது. எஸ்டேட் லாரியில் வண்டியைப் பட்டறைக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். விற்றுவிடலாமென்று இருக்கிறேன், நாளைக்கு வந்து பேசுகிறேன் என்று தபித்தாள் சொல்லிவிட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் செல்லையா சாப்பிட உட்காரவில்லை. வீரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாஷர், ரோலர், முதலாளி சொன்ன யோசனை, தான் பேசாமல் நின்றது. கடைசியில் யாருடைய வண்டி என்பதையும் சொன்னார்.

வீரம்மா மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு பழைய கம்பளிச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மழையில அந்தம்மா வந்தப்போ, இவங்க யாரு எவருன்னு கேட்டாங்களா?" என்றாள். "அந்த வாஷரைப் போட்டுட்டு வாயைத் திறந்து சொல்லிட்டு வாங்க. பெட்டியை நான் கட்டிக்கிறேன்."

மறுநாள் காலை தபித்தாள் வந்தார். கையில் கட்டு. "என் கைக்குத் தெம்பு பத்தலீங்க. இதைக் குடுத்துட்டுப் பழையபடி நடந்துக்கறேன். கீழ் டிவிஷனுக்கு அடிக்கடி போக முடியாது, அவ்வளவுதான்."

"ஆமாங்க, மலை ரோடு பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் சிரமந்தான்" என்று லிங்கசாமி ஆரம்பித்தார்.

செல்லையா பால்மாவு டின்னைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். வண்டியின் மூடியைக் கழற்றினார்.

"குத்தம் உங்க கையில இல்லம்மா, என் கையில. வேகத்துக்காக இதைக் கழட்டினது நான். கழட்டினா இறக்கத்துல பிடிக்காதுன்னு தெரியும். நீங்க வந்து நின்னப்பவும் தெரியும். எஞ்சினை அணைச்சா இன்னும் மோசம், அதுவும் தெரியும். இந்தக் கூரை போயிடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

லிங்கசாமியின் முகம் கறுத்தது. "ஏப்பா செல்லையா" என்றார்.

தபித்தாள் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "அப்ப நான் தப்பா ஓட்டலையா?"

"இல்லம்மா."

"இத்தனை நாளா கர்த்தர்கிட்ட என் கைக்குத் தெம்பு கேட்டுட்டிருந்தேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு லிங்கசாமியைப் பார்த்துச் சொன்னார்: "வேகம் கேட்டு வந்த பையனுக்கு வேகத்தைக் குடுத்தீங்க. பயந்துட்டு வந்து நின்னவளுக்கு உண்மையைக் குடுத்திருக்கலாமுங்க. அதுக்கு ஸ்பேனர்கூட வேண்டியதில்லை."

லிங்கசாமி கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணிரு" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

செல்லையா பழைய ரோலர்களைப் போட்டு, வாஷரை அதன் இடத்தில் வைத்து, ஓரம் தேய்ந்திருந்த பெல்ட்டை மாற்றினார். வண்டியைத் தானே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் முனகிக்கொண்டே சக்கரத்தைப் பிடித்தது.

வண்டியை விரட்டுவது ஒரு மயக்கம். அந்த மயக்கத்துக்கு மலையில் விலை கொடுப்பது பெரும்பாலும் விரட்டியவனாக இருப்பதில்லை. அடுத்தவருக்கு வரப்போகும் ஆபத்து தெரிந்தும், நமக்கேன் என்று வாயை மூடிக்கொண்டிருப்பதும் அந்த ஆபத்தைச் செய்வதுதான். இதைச் செல்லையா ஒரு கூரையைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்.

அவர்கள் கீழ் டிவிஷனுக்குக் குடிபோனார்கள். மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் ஒதுக்கிடம் கிடைத்தது. வீரம்மா கொழுந்து பறிக்கப் போனாள். செல்லையாவுக்குக் களை வெட்டும் தினக்கூலி, அதுவும் கூப்பிட்ட நாளில் மட்டும். கூரை பழைய அறையைவிட மோசமாக ஒழுகியது. முன்னே போகவும் வழியில்லை, கடலைத் தாண்டித் திரும்பவும் வழியில்லை. இருந்தாலும் படுத்தால் தூக்கம் வந்தது.

ஒரு மத்தியானம் தூறலில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து ஓரத்தில் அந்த ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்தார். உள்ளே யாருக்கோ பிரசவம். ஆட்கள் எல்லாரும் மலைமேல் வேலையில் இருந்தார்கள். லயத்து வாசலில் ஒருவருமில்லை.

மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தன் பழைய ஸ்பேனரை எடுத்தார். மூடியைத் திறந்து பெல்ட்டின் இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். தளர்ந்திருந்த பின் பிரேக்கை முறுக்கினார். வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, சக்கரம் நிற்கிறதா என்று பார்த்தார். மூடியைப் பூட்டி, சீட்டில் நின்ற மழைத்தண்ணீரைத் தலைத்துண்டால் துடைத்தார்.

உள்ளேயிருந்து பிறந்த குழந்தையின் அழுகை கேட்டது. செல்லையா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி நடந்தார்.