ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு ஒரு காப்பி மெஷின்

பழைய பல் பிரஷ்ஷால் சல்லடையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள் அவள். குத்தக் குத்தக் கறுப்பாகப் பொடி உதிர்ந்தது. காய்ந்து இறுகிப்போன காப்பி எண்ணெயின் வாடை அறை முழுக்க நின்றது. இருப்பதே ஓர் அறைதான். அதன் நடுவில், பலகை மேல், எஸ்பிரஸோ மெஷின் உட்கார்ந்திருந்தது. சுவரோரக் கட்டிலில் கிடந்த அவள் கணவன் காலை நீட்டினால் மெஷினின் கைப்பிடி இடித்தது.

"வீட்டுக்கு ரெண்டாவது மாமியார் வந்து சேர்ந்துட்டா," என்றான் அவன். "நடுவீட்ல உக்காந்துக்கிட்டு எல்லாரையும் வேலை வாங்குறா."

"முதல் மாமியாருக்கு இவ தேவலை. வாயத் தொறக்க மாட்டா."

"சூடேறட்டும், அப்புறம் பாரு. இவ பேச்சு தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

மெஷினுக்குப் பின்னால் மல்லாந்து கிடந்த கொழுந்தன் சிரித்ததில் ஸ்பானர் கைநழுவி விழுந்தது. தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவன். வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவான். எங்கெங்கோ கேட்டு வாங்கிய ரப்பர் வாஷர்கள் அவன் சட்டைப்பையில் இருந்தன.

ஒரு காப்பிக் கடையில் பல வருடங்கள் அவள் இந்த மெஷின் முன்னால்தான் நின்று உழைத்தாள். பொத்தானைத் தட்டினால் தானே காப்பி போட்டுக் கொடுக்கும் புது மெஷினை முதலாளி வாங்கியபோது, அவளும் பழைய மெஷினும் ஒரே நாளில் கடைக்கு வேண்டாதவர்கள் ஆனார்கள். "இத நீயே எடுத்துக்கம்மா. இத்தனை நாள் உழைச்சதுக்கு என்னால ஆனது," என்றார் முதலாளி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கை கூப்பினாள். மூட்டை தூக்கிக் கணவனின் முதுகெலும்பு நகர்ந்த பிறகு, அவள் கொண்டுவந்ததில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் கூடத்தில் காப்பிக் கடை ஜன்னல் ஒன்று காலியாக இருந்தது. அங்கே காவலுக்கு நிற்பவர் அவள் கையால் காப்பி குடித்துப் பழகியவர். அலுவலகத்தில் அவளுக்காகச் சொல்லிவைத்தது அவர்தான். திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் வருவார். மெஷின் ஓடிக் காப்பி வந்தால் ஜன்னல் அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்து விண்ணப்பித்திருந்தவருக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷின் ஓடிவிட்டது. ஆவி அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் மெல்ல ஏறிச் சரியான இடத்தில் நின்றது. ஆவிக்குழாய் சீறியது. அவள் கைப்பிடியைப் பொருத்தித் திருப்பியதும், தேன் நிறத்தில் இழை இழையாகக் காப்பி இறங்கியது. படுத்திருந்தவன் தலையை மட்டும் தூக்கி ஒரு வாய் குடித்தான்.

"மாமியாருக்குக் கை ருசி போகலடி!"

அவள் மட்டும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைத் துகள்களும் பச்சை ஓடிய மண்டியும் அடியில் தங்கின.

"தம்பி, பாய்லர் உள்ள உப்பு கட்டியிருக்கு. கடையில ஒரு நாளும் உள்ள கழுவ விட்டதில்ல. எனக்கு அது நெஞ்சுல முள்ளா இருந்துச்சு."

"ஓடுதில்ல அண்ணி? ஓடுறத எதுக்கு நோண்டணும்? ஜன்னல் கைக்கு வரட்டும், அப்புறம் கழுவிக்கலாம்."

"குடிக்கப் போறவங்க நோயாளிங்கப்பா. முதல் நாளே இந்தத் தண்ணியவா குடுக்குறது? சாமிக்குப் பொறுக்குமா?"

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

சனிக்கிழமை எலுமிச்சை உப்பைக் கரைத்து பாய்லரில் ஊற்றினார்கள். உள்ளே நுரைத்துப் பொருமும் சத்தம் கேட்டது. வடித்தபோது சுண்ணாம்புச் செதில்கள் கொத்துக் கொத்தாக வந்து வாளியில் விழுந்தன. அவள் அலசி அலசி ஊற்றினாள். கடைசியில் தண்ணீர் கண்ணாடிபோல வந்தது. அதைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, ஈரக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை அடுப்பு வேலையைக்கூட விட்டுவிட்டு மெஷினைப் போட்டார்கள். முள் பாதி ஏறியது. பாய்லரின் அடிவயிற்றில் வியர்வைபோல ஒரு துளி அரும்பியது. கொழுந்தன் துடைத்தான். அதே இடத்தில் மறுபடி ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஊசியால் குத்தினாற்போல நூலாக நீர் பீய்ச்சியது. அவன் பாய்ந்து மின்சாரத்தை நிறுத்தினான். முள் கீழே இறங்கியது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பழைய கடைக்கு நடந்தாள். பாய்லரை ஒட்டவைக்கத் தெரிந்தவர் யாராவது முதலாளிக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினாள்.

"உள்ள கழுவினியா?" முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "அட, மெக்கானிக் எப்பவோ சொல்லிட்டானேம்மா. செம்பு தேஞ்சு போச்சு, உப்புதான் ஓட்டைய அடைச்சுக்கிட்டிருக்கு, கைய வைக்காதீங்கன்னு. அதனாலதான் நான் தொடவே விடல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா."

"நீ கேக்கலையே. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னுதானே குடுத்தேன்? சரி, வந்தது வந்துட்ட. ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ."

புது மெஷினில் அவரே பொத்தானைத் தட்டினார். நின்றபடியே குடித்துவிட்டு, பழக்கத்தில், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

வீட்டில் கொழுந்தன் பாய்லரின் ஓட்டைகளைப் பற்றவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் ஓட்டையை அடைத்தால், அந்தச் சூட்டில் பக்கத்துச் செம்பு காகிதம்போலப் பிய்ந்தது. வேறு பாய்லர் போடலாமென்றால், இந்த மாதிரி மெஷின் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். அவன் கருவிகளைச் சாக்கில் போட்டான்.

"நான்தான் எலுமிச்சை உப்ப ஜாஸ்தியா போட்டுட்டேன் அண்ணி," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "தப்பு என்னோடது."

அளந்து போட்டது அவள். அது அவனுக்கும் தெரியும்.

"சாப்பிட்டுப் போ தம்பி," என்றாள்.

கட்டிலிலிருந்து கணவன் கை நீட்டி அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

ஜன்னல் அடுத்தவருக்குப் போனது. "ஜன்னல எடுத்தவரு, கோப்பை கழுவ, பொத்தான் தட்ட ஒரு ஆள் வேணும்னாரு. உன்னைச் சொன்னேன். கோச்சுக்காதம்மா, என்னால முடிஞ்சது இதுதான்," என்றார் காவலாளி. அவள் அவருக்கும் கை கூப்பினாள்.

அங்கே இருந்ததும் பொத்தான் மெஷின்தான். இரண்டாவது வாரம் அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியது.

"அண்ணே, உள்ள கழுவச் சொல்லுது."

"அது சொல்லிக்கிட்டேதான் இருக்கும்," என்றார் ஜன்னல்காரர். "கழுவ நிறுத்தினா இந்த வரிசைய யாரு பாக்குறது? நீயா?"

"சாயங்காலம் நான் இருந்து கழுவுறேன். கூலி வேண்டாம்."

"நீ கழுவுன கதையத்தான் ஆஸ்பத்திரியே பேசுதேம்மா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் நர்ஸிடம் கேட்டு வாங்கிவந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கிழித்து, விளக்கின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

முதலில் நின்ற பெரியவரின் புறங்கையில் ஊசி குத்திய இடம் வீங்கியிருந்தது. அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கு தாயி. மகராசியா இரு."

பிளாஸ்திரிக்கு அடியில் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. பின்னால் நின்றவர் கோப்பையைக் கேட்டுக் கையை நீட்டினார். அவள் பொத்தானைத் தட்டினாள்.